கூடாரத்துக்குள் இருக்கும் சாரா

(பொதுக்காலம் 16-ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு. வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம். வாசகங்கள்: தொடக்க நூல் 18:1-10, கொலோசையர் 1:24-28, லூக்கா 10:38-42)



இது குற்றாலச் சீசன். ஜூன் மாதம் மலையில் சாரல் இறங்கியதுமே நமக்குத் தொலைபேசி வரத் தொடங்கிவிடும். "அருவியில தண்ணி விழுதா?" என்று கேட்பார்கள். "விழுது, வாங்க" என்று நாமும் மகிழ்ச்சியோடு சொல்வோம். மதுரையிலிருந்து மதினி குடும்பம் வரும். தூத்துக்குடியிலிருந்து சித்தப்பா வருவார். சென்னையிலிருந்து மச்சான் தன் நண்பர்களையும் அழைத்து வருவார். தென்காசி, மேலகரம், இலஞ்சி, செங்கோட்டை எங்கும் ஜூலை மாதத்துச் சனி, ஞாயிறுகளில் வீட்டுக்கு வீடு பாய் விரித்துக் கிடக்கும். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஈரத் தலையோடும் நல்ல பசியோடும் எல்லாரும் வீடு திரும்புவார்கள்.

அந்த நேரத்தில் சோறு தயாராக இருக்கும். குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். தலை துவட்டத் துண்டு மடித்து வைக்கப்பட்டிருக்கும். இவையெல்லாம் தானாக நடப்பதில்லை. தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர்தான். ஆனால் அந்த வீட்டுத் தாய் இந்தச் சீசனில் ஒருமுறையாவது அருவியில் தலை நனைத்தாரா? இந்தக் கேள்வியோடு இன்றைய வாசகங்களைத் திறப்போம்.

இன்றைய முதல் வாசகமும் விருந்தினர் வந்த கதைதான். மம்ரே என்ற இடத்தில், கருவாலி மரங்களின் அருகே, நல்ல வெயில் நேரத்தில் ஆபிரகாம் கூடார வாயிலில் அமர்ந்திருக்கிறார். மூன்று பேர் வருகிறார்கள். அப்போது அவருக்கு வயது ஏறக்குறைய நூறு. ஆனாலும் அவர்களைக் கண்டதும் ஓடிப்போய் வணங்குகிறார். கால் கழுவத் தண்ணீர் கொண்டுவரச் செய்கிறார். மந்தைக்கு அவரே ஓடிப்போய் நல்ல இளங்கன்றாகப் பார்த்துப் பிடித்துவந்து பணியாளரிடம் கொடுக்கிறார். உணவைத் தம் கையாலேயே கொண்டுவந்து பரிமாறுகிறார். அவர்கள் உண்டு முடிக்கும்வரை மரத்தடியில் நின்றுகொண்டே இருக்கிறார். நம் வீட்டு ஆண்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை வாசிப்பது நல்லது. விருந்தோம்பலுக்குப் பேர்போன இந்த மனிதர் "வந்தவங்களுக்கு என்ன வேணும்னு பாரு" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் அல்லர்.

சாராவின் பங்கு என்ன? விரைந்து மூன்று மரக்கால் மாவு பிசைந்து அப்பம் சுடும்படி அவரிடம் சொல்லப்படுகிறது. மூன்று விருந்தாளிகளுக்கு மூன்று மரக்கால்! ஒரு கல்யாண வீட்டுப் பந்திக்கே போதுமான மாவு அது. அதைப் பிசைந்தவரும் வயது முதிர்ந்தவர்தான். விருந்தினர் மர நிழலில் அமர்ந்து உண்கிறார்கள். சாரா கூடாரத்துக்குள் இருக்கிறார். வெளியே இருப்பவர்களின் கண்ணில் அவர் படவே இல்லை.

உண்டு முடித்த விருந்தினர் வாய் திறந்து என்ன கேட்கிறார்கள் என்பதைக் கவனிப்போம். மந்தை எவ்வளவு, ஊர் நிலவரம் என்ன என்று கேட்கவில்லை. சாராவைத்தான் பெயர் சொல்லி விசாரிக்கிறார்கள். அவர் எங்கே இருக்கிறார் என்று கேட்கிறார்கள். கூடாரத்துக்குள் இருக்கிறார் என்று ஆபிரகாம் பதில் சொல்கிறார். அதன் பிறகுதான் அடுத்த ஆண்டு ஒரு மகன் பிறப்பான் என்ற வாக்குறுதி வருகிறது.

அன்பார்ந்தவர்களே, நம் வீட்டுக்குக் கடவுள் வந்தாலும் அவர் முதலில் விசாரிக்கப்போவது அடுக்களைக்குள் இருப்பவரைத்தான். உள்ளே நின்று வேலை செய்பவரைக் கடவுள் மறப்பதில்லை. மறப்பவர்கள் பெரும்பாலும் வெளியே உட்கார்ந்திருக்கும் நாம்தான்.

வீடு சந்திக்கப் போகும் இடங்களில் எல்லாம் ஒரு பதில் நம் காதில் விழும். "அம்மா, நீங்க என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்டால், "வீட்லதான் சாமி, சும்மா இருக்கேன்" என்பார்கள். அந்தச் 'சும்மா'வுக்குள் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்போம். விடியும் முன் எழுந்து வாசல் தெளிக்க வேண்டும். குழாயில் தண்ணீர் வரும் நாளானால் குடங்களை நிரப்ப வேண்டும். பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கும் வேலைக்குப் போகும் கணவருக்கும் டிபன் கட்ட வேண்டும். மாமியாருக்கு நேரத்துக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்க வேண்டும். சாரல் நாளில் துவைத்த துணி இரண்டு நாளானாலும் காயாது. அதை வீட்டுக்குள் கொடி கட்டி, மாற்றி மாற்றிப் போட்டுக் காய வைக்க வேண்டும். ரேஷன் கடை வரிசை, சிலிண்டர் பதிவு, பிள்ளையின் வீட்டுப்பாடம், மறைக்கல்வித் தேர்வு எல்லாவற்றையும் அவர்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும். கை ஓய்ந்திருக்கும் நேரத்திலும் அவர் மனம் அடுத்த வேலையைக் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும்.

ஆலங்குளம், பாவூர்சத்திரம், கடையம் பக்கம் போனால் இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். மடியில் சுளகை வைத்துக்கொண்டு, இலை வெட்டி, தூள் போட்டு, பீடி சுற்றிக்கொண்டே அடுப்பில் கொதிக்கும் உலையையும் பார்ப்பார்கள். சாயங்காலம் கடைக்குக் கொண்டுபோய் எண்ணிக் கொடுத்துவிட்டு வருவார்கள். அந்தக் கூலியில் பிள்ளைகள் கல்லூரிவரை படித்திருக்கிறார்கள். அவர்களையும் கேட்டால் "சும்மா வீட்லதான்" என்றுதான் சொல்வார்கள்.

இந்தச் சொல் அவர்களாகக் கண்டுபிடித்ததல்ல. நாம் சொல்லிக் கொடுத்தது. அரசாங்கப் பதிவேடுகளே நெடுங்காலம் அப்படித்தான் எழுதின. 2001-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் 'வேலை செய்யாதோர்' வரிசையில், பிச்சை எடுப்போரோடும் சிறைக்கைதிகளோடும் சேர்த்து வைக்கப்பட்டிருந்தார்கள். 2010-இல் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கை விசாரித்த உச்ச நீதிமன்றம் இதைச் சுட்டிக்காட்டி வருந்தியது. 2023 ஜூன் மாதம் சென்னை உயர்நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. கணவர் சவுதி அரேபியாவில் உழைத்துப் பணம் அனுப்பினார். மனைவி இங்கே வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். சேர்த்த சொத்தில் அந்த மனைவிக்கும் சமப் பங்கு உண்டு என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அவர் வீட்டைத் தாங்கி நின்றதால்தான் இவரால் வெளியே போய்ச் சம்பாதிக்க முடிந்தது என்பது அதன் சாரம். கடையநல்லூரிலும் தென்காசியிலும் வளைகுடா நாடுகளுக்குப் பிள்ளைகளை அனுப்பிய குடும்பங்கள் எத்தனையோ. இந்தத் தீர்ப்பின் பொருள் நமக்கு எளிதில் விளங்கும். அதே 2023 செப்டம்பர் 15-இல் தமிழக அரசு தகுதியுள்ள குடும்பத் தலைவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கத் தொடங்கியது. அதற்கு 'உதவித் தொகை' என்று பெயர் வைக்காமல் 'உரிமைத் தொகை' என்று பெயர் வைத்தார்கள். அந்தச் சொல்லை நம் வீடுகளும் கற்றுக்கொள்ளலாம்.

ஒரு கணக்கையும் கேளுங்கள். மத்திய அரசின் புள்ளியியல் துறை 2024-இல் நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு ஒரு பெண் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார். ஓர் ஆண் 88 நிமிடம். இது வீட்டு வேலையில் கை வைக்கும் ஆண்களின் சராசரி மட்டுமே. ஒரு தம்ளரைக்கூடக் கழுவாதவர்கள் இந்தச் சராசரியில் சேரவே இல்லை. 2019-இல் இதே கணக்கெடுப்பில் ஆண்களின் பங்கு 97 நிமிடமாக இருந்தது. ஐந்து ஆண்டுகளில் கூடியிருக்க வேண்டியது குறைந்திருக்கிறது.

இப்போது நற்செய்திக்கு வருவோம். மார்த்தா, மரியா வீட்டில் ஆண்டவர் விருந்தாளி. மரியா அவர் காலடியில் அமர்ந்து கேட்கிறார். மார்த்தா பரபரப்பாகப் பணிவிடை செய்கிறார். ஒரு கட்டத்தில் பொறுக்க முடியாமல் ஆண்டவரிடமே வந்து முறையிடுகிறார். இந்தப் பகுதி வாசிக்கப்படும்போது பல தாய்மார்களின் முகம் சற்று வாடிவிடும். "நாங்களும் உட்கார்ந்துட்டா சோறு யாரு பொங்குவா?" என்ற கேள்வி அந்த முகத்தில் தெரியும். அது நியாயமான கேள்விதான்.

ஆண்டவர் மார்த்தாவின் வேலையைக் குறை சொன்னாரா? இல்லை. சமைத்ததையோ பரிமாறியதையோ அவர் பழிக்கவில்லை. மார்த்தாவின் பெயரை இரண்டு முறை சொல்லி அழைக்கிறார். ஆபிரகாமையும், மோசேயையும், சிறுவன் சாமுவேலையும் கடவுள் அப்படித்தான் இரண்டு முறை அழைத்தார். அது அதட்டல் அல்ல, அன்போடு கூடிய அழைப்பு. பல கவலைகள் மார்த்தாவைப் பல பக்கம் இழுப்பதைத்தான் அவர் கண்டு சொல்கிறார். "உன்னைப் பார்த்தாலே களைப்பு தெரிகிறதம்மா" என்று சொல்வதற்கு ஒப்பானது அது. நம் வீட்டில் அவருடைய களைப்பைப் பார்த்துச் சொல்பவர் யார்?

இன்னொன்றும் இருக்கிறது. குருவின் காலடியில் அமர்வது அந்தக் காலத்தில் சீடர்களின் இடம். பெண்ணுக்கு அங்கே இடமில்லை என்றுதான் ஊர் நினைத்தது. மரியாவை எழுப்பி அடுக்களைக்கு அனுப்பியிருந்தால் யாரும் தவறாக நினைத்திருக்க மாட்டார்கள். ஆண்டவர் அனுப்பவில்லை. அந்த நல்ல பங்கு அவரிடமிருந்து எடுக்கப்படாது என்கிறார். அப்படியானால் அந்த இடம் மார்த்தாவுக்கும் உரியது. மார்த்தா அங்கே வந்து அமர வேண்டுமானால், அடுப்படியில் இருக்கும் மீதி வேலையை வேறு யாராவது எடுத்துக்கொள்ள வேண்டும். மார்த்தாவின் முறையீட்டின் மையமே, தன்னைத் தனியாக விட்டுவிட்டார்கள் என்பதுதான். அந்த வீட்டில் லாசர் என்ற சகோதரரும் உண்டு என்று யோவான் நற்செய்தி சொல்கிறது. இந்த நிகழ்ச்சியில் அவரைப் பற்றி லூக்கா ஒன்றும் சொல்லவில்லை. நம் வீட்டு லாசர்கள் எங்கே என்று நாம் கேட்டுக்கொள்ளலாம்.

மார்த்தா வேலைக்காரியாக மட்டும் நின்றுவிட்டவரும் அல்லர். லாசர் இறந்தபோது எழுந்து போய் வழியிலேயே இயேசுவைச் சந்தித்தவர் அவர். இயேசுவே மெசியா, இறைமகன் என்று பேதுருவைப் போலவே அறிக்கையிட்டவர். அடுக்களையில் நின்ற அதே பெண்தான் அந்த விசுவாச அறிக்கையையும் செய்தார். வருகிற ஜூலை 29-ஆம் நாள் மார்த்தா, மரியா, லாசர் மூவரையும் ஒரே நாளில் நினைவுகூர்கிறோம். 2021-இல் திருத்தந்தை பிரான்சிஸ் இப்படி ஒரே நினைவுநாளாக்கினார். அதுவரை அது மார்த்தாவின் நாளாக மட்டுமே இருந்தது. இப்போது அந்த வீடு முழுவதுக்கும் உரிய நாள்.

இந்த ஜூலையில் இன்னொரு குடும்பத்தையும் நினைவுகூர்ந்தோம். ஜூலை 12 புனித லூயி மார்ட்டின், புனித செலி தம்பதியரின் நாள். நம் ஊர்களில் சிறுமலர் என்று அன்போடு அழைக்கும் குழந்தை இயேசுவின் புனித தெரேசாளின் பெற்றோர். பிரான்சு நாட்டில் அலன்சோன் என்ற ஊரில் வாழ்ந்தார்கள். செலி வீட்டிலிருந்தே மெல்லிய பின்னல் லேஸ் செய்து விற்றார். ஊர்ப் பெண்கள் தங்கள் வீடுகளில் துண்டு துண்டாகப் பின்னிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவற்றைச் சேர்த்து முழுமையாக்குவது செலியின் வேலை. பீடி சுற்றி எண்ணிக் கொடுக்கும் நம் சகோதரிகளுக்கு இது புரியும். ஒன்பது பிள்ளைகளைப் பெற்றார். நால்வரைச் சிறு வயதிலேயே பறிகொடுத்தார். இதற்கு நடுவில் இரவு வெகுநேரம் விழித்திருந்து லேஸ் வேலை செய்தார்.

லூயி என்ன செய்தார்? அவர் கடிகாரம் செய்பவர். சொந்தக் கடை வைத்திருந்தார். 1870-இல் அந்தக் கடையை விற்றுவிட்டு மனைவியின் தொழிலில் சேர்ந்துகொண்டார். கணக்கு எழுதினார். வெளியூர் போய் விற்றுவந்தார். மனைவிக்கு 'உதவி' செய்ததாக அதை அவர் நினைக்கவில்லை. அது தங்கள் இருவருடைய குடும்பம், இருவருடைய பாரம். 2015 அக்டோபர் 18-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் இருவரையும் ஒன்றாகவே புனிதர்களாக அறிவித்தார். திருச்சபையில் ஒரு கணவனும் மனைவியும் சேர்ந்து புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்டது அதுவே முதல் முறை.

செலியின் வாழ்வில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. மார்பில் கட்டி ஒன்று இருப்பதை அவர் பல ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்திருந்தார். வேலை, பிள்ளைகள், பிரசவங்கள் என்று நாள்கள் ஓடின. முறையாக மருத்துவரிடம் காட்டியபோது நோய் முற்றியிருந்தது. 1877 ஆகஸ்டு 28-இல், 45 வயதில் இறந்தார். சிறுமலருக்கு அப்போது வயது நான்கு.

அந்தக் காலத்தில் மருத்துவம் அவ்வளவுதான் இருந்தது. இன்று நமக்கு அந்தச் சாக்கு இல்லை. ஆனால் நம் வீடுகளில் இன்றும் என்ன நடக்கிறது? பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அன்றே ஆஸ்பத்திரி. கணவருக்கு நெஞ்சு எரிந்தால் உடனே ஈசிஜி. தாய்க்கு வலி வந்தால் தைலம். "சீசன் முடியட்டும், பார்க்கலாம்." "பரீட்சை முடியட்டும், பார்க்கலாம்." தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருப்பதாகத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. எல்லாரும் உண்ட பிறகு சட்டியில் மிஞ்சியதை உண்ணும் வழக்கத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்று நம்மால் சொல்ல முடியுமா? 'தாய் தெய்வம்' என்று வாயாரப் புகழ்ந்துவிட்டு, அவர் தட்டில் மீன் துண்டு விழுந்ததா என்று பார்க்காமல் எழுந்து போவது பக்தி அல்ல.

எனவே இந்த வாரம் நம் வீடுகளில் சில காரியங்களைச் செய்வோம்.

முதலாவது, 'சும்மா இருக்கிறார்' என்ற சொல்லை விட்டுவிடுவோம். பள்ளிப் படிவத்தில் தாயின் தொழில் என்று கேட்டிருந்தால், ஒரு கோடு போட்டுவிட்டு நகராமல் 'இல்லத்தரசி' என்று தெளிவாக எழுதுவோம்.

இரண்டாவது, வீட்டில் ஒவ்வொருவரும் ஒரு வேலையை முழுப் பொறுப்பாக எடுத்துக்கொள்வோம். "சொல்லு, செய்றேன்" என்று சொல்வது போதாது. சொல்ல வேண்டிய பொறுப்பு அப்போதும் அவர் தலையில்தான் இருக்கிறது. தண்ணீர் பிடிப்பது அப்பாவின் வேலை என்றால், தண்ணீர் வரும் நேரத்தைத் தெரிந்துவைப்பதும் அப்பாவின் வேலைதான். பாத்திரம் மகனுடையது என்றால் மகனுடையதுதான். மகளுக்கு மட்டும் பழக்க வேண்டாம். அன்பியக் கூட்டம் நம் வீட்டில் நடக்கும்போது, காபி போடுவதற்காக அந்த வீட்டுத் தாய் இறைவார்த்தைப் பகிர்விலிருந்து எழுந்து போகும்படி ஆகிவிடக் கூடாது.

மூன்றாவது, ஓய்வு நாள். ஓய்வு நாள் கட்டளையில் மகன், மகள், பணியாளர், அந்நியர் எல்லாரும் உண்டு. உழும் மாட்டுக்கும் கடவுள் ஓய்வு கொடுத்திருக்கிறார். நம் வீட்டில் ஞாயிறுதான் அதிக வேலை நாள். திருப்பலி முடிந்து வந்ததும் கறி வாங்கி வந்து, மசாலா அரைத்து, மூன்று மணிவரை அடுப்படி. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வேளையாவது அடுக்களையை அடைத்துவைப்போம். ஆண்களும் பிள்ளைகளும் சேர்ந்து ஒரு கூட்டாஞ்சோறு பொங்கினால் வானம் இடிந்து விழாது. அதுவும் முடியாவிட்டால் செங்கோட்டைப் பக்கம் புரோட்டாவுக்கா பஞ்சம்?

நான்காவது, வீட்டுத் தாயின் உடல்நலம். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வாசலுக்கே வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அன்று "அவங்களுக்குப் பாருங்க" என்று கணவரையும் மாமியாரையும் மட்டும் காட்டிவிட்டு உள்ளே போய்விடாதீர்கள், தாய்மார்களே. மார்பிலோ வயிற்றிலோ மாற்றம் தெரிந்தால் சீசன் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கணவர்மாரே, கூட்டிக்கொண்டு போவது உங்கள் கடமை.

தாய்மார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மார்த்தா தன் பாரத்தை ஆண்டவரிடம் முறையிட்டார். முறையிட்டதற்காக அவரை ஆண்டவர் விலக்கவில்லை. செபமாலை சொல்ல நேரமில்லை என்று குற்ற உணர்வோடு சொல்கிறவர்கள், பாத்திரம் கழுவிக்கொண்டே உங்கள் களைப்பை அவரிடம் சொல்லுங்கள். அதுவும் செபம்தான். உயிர்த்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் தாமே கரிநெருப்பு மூட்டி, மீன் வைத்து, இரவெல்லாம் உழைத்துக் களைத்துவந்த சீடர்களைச் சாப்பிட அழைத்தார். அடுப்படி அவருக்குத் தெரியாத இடம் அல்ல. வீட்டாரிடமும் வாய் திறந்து கேளுங்கள். கேட்பது தாய்மைக்கு இழுக்கு அல்ல.

கடைசியாக, சீசன் இன்னும் முடியவில்லை. ஆகஸ்டு வரை தண்ணீர் விழும். அடுத்த சனிக்கிழமை வீட்டிலிருக்கும் நான்கு பேர் வேலையைப் பங்கிட்டுக்கொண்டு, "நீங்க போய் நிதானமா குளிச்சிட்டு வாங்கம்மா, சோறு நாங்க பார்த்துக்கறோம்" என்று சொல்லி, துண்டும் மாற்றுச் சேலையும் எடுத்துக் கையில் கொடுத்து, அக்கா தங்கையோடு அவரைப் பேரருவிக்கு அனுப்பிவையுங்கள். அவர் திரும்பி வரும்போது சோறு வெந்திருக்கட்டும். அவர் உட்கார, நீங்கள் பரிமாறுங்கள். ஆபிரகாமைப் போல, அவர் உண்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள்.

கூடாரத்துக்குள் இருந்த சாராவைத் தேடிக் கேட்ட ஆண்டவர், நம் இல்லங்களில் உழைக்கும் ஒவ்வொரு தாயையும் ஆசீர்வதிப்பாராக. அவர்களைக் காணும் கண்களையும், அவர்களோடு உழைக்கும் கைகளையும் நம் எல்லாருக்கும் தருவாராக. ஆமென்.